கல்ச்சர் ரிப்போர்ட்டில் வரிசையாக 'ஆர்': ஆஸ்பத்திரியில் பரவுவது கிருமி மட்டும்தானா?

ஐசியு வாசலில் சில நாட்கள் காத்திருந்தவர்களுக்கு அந்தக் காகிதம் பழக்கமானதுதான். 'கல்ச்சர் அண்ட் சென்சிட்டிவிட்டி' ரிப்போர்ட். இடது பக்கம் வரிசையாக ஆன்டிபயாடிக் பெயர்கள், வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒற்றை எழுத்து. 'எஸ்' என்றால் அந்த மருந்து கிருமியிடம் வேலை செய்யும். 'ஆர்' என்றால் செய்யாது. வாட்ஸ்அப்பில் வந்த ரிப்போர்ட்டை ஜூம் பண்ணிப் பார்த்தால் மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர்.

"ஆபரேஷனுக்குத்தானே வந்தோம், இது எங்கிருந்து வந்துச்சு?"

குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி இது. பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ரெசிஸ்டன்ட் கிருமி சார், ட்ரை பண்றோம்." அதோடு பேச்சு முடிந்துவிடும். வெளியே வந்தால் போஸ்டரில், டிவியில், ரீல்ஸில் எல்லோரும் நமக்கு ஒரே அறிவுரைதான் சொல்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீங்க, சளிக்கெல்லாம் சாப்பிடாதீங்க, பாதியில் நிறுத்தாதீங்க.

அறிவுரை சரிதான், தப்பே இல்லை. ஆனால் அது பாதிக் கதை. வாழ்க்கையில் ஒருமுறைகூட மெடிக்கல் ஷாப்பில் தானாக ஆன்டிபயாடிக் வாங்காத ஒருவருக்கும் அந்த ரிப்போர்ட்டில் வரிசையாக 'ஆர்' வரலாம். காரணம், ஆஸ்பத்திரிக்குள் பரவுவது கிருமி மட்டுமில்லை. ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவும் மரபணுக்களும் பரவுகின்றன. இதைப் புரிந்துகொண்டால், பொறுப்பை முழுக்க நோயாளியின் தலையில் கட்டுவது எவ்வளவு வசதியான வேலை என்பதும் புரியும்.

ஒரே உடம்பு, இரண்டு கிருமி, ஒரே மரபணு

2008 ஜனவரி. புதுடெல்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு சுவீடன் திரும்பிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு நோயாளியின் சிறுநீரில் 'கிளெப்சியெல்லா நிமோனியே' என்ற பாக்டீரியா இருந்தது. சாதாரண ஆன்டிபயாடிக்குகள் கைவிடும்போது டாக்டர்கள் எடுக்கும் மெரோபெனம் போன்ற 'கார்பபெனம்' மருந்துகளும் அதனிடம் எடுபடவில்லை.

ஆராய்ந்தபோது அதுவரை யாரும் பார்த்திராத ஒரு மரபணு கிடைத்தது. அது ஒரு நொதியை உருவாக்குகிறது. துத்தநாகத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மருந்து மூலக்கூறின் முக்கியமான வளையத்தை வெட்டிப்போடுவதுதான் அந்த நொதியின் வேலை. மருந்து உடம்புக்குள் போகும், ஆனால் கிருமியை ஒன்றும் செய்யாது. அந்த நொதிக்கு வைத்த பெயர்தான் 'நியூ டெல்லி மெட்டாலோ பீட்டா லாக்டமேஸ்-1', சுருக்கமாக என்டிஎம்-1.

இதில் பலர் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அதே நோயாளியின் மலத்தில் இருந்த ஈ.கோலை பாக்டீரியாவிலும் அதே மரபணு இருந்தது. ஈ.கோலை வேறு இனம், கிளெப்சியெல்லா வேறு இனம். ஒன்று இன்னொன்றின் வாரிசு கிடையாது. அப்படியானால் அந்த மரபணு அந்த மனிதரின் உடம்புக்குள்ளேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்னது.

எப்படித் தாவுகிறது?

நமக்கு மரபணு அப்பா அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் சுருட்டை முடி நமக்கு ஒட்டிக்கொள்ளாது. பாக்டீரியா உலகத்தில் அப்படி இல்லை. அங்கே பக்கத்தில் இருப்பவரிடமிருந்தும் மரபணுவை வாங்கிக்கொள்ளலாம்.

ஆபீஸ் கம்ப்யூட்டரை வைத்து யோசிச்சா சுலபமா புரியும். மருந்தை முறியடிக்கும் மரபணுவை ஒரு ஃபைல் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஃபைல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது, அதன் பெயர் 'இன்டெக்ரான்'. ஒரே ஃபோல்டருக்குள் பல ஃபைல் மாதிரி. அந்த ஃபோல்டரை ஓரிடத்திலிருந்து வெட்டி இன்னோர் இடத்தில் ஒட்டும் வேலையைச் செய்வது 'டிரான்ஸ்போசான்'. 'தாவும் மரபணு' என்று இவற்றைச் சொல்வார்கள். மக்காச்சோளத்தில் இதைக் கண்டுபிடித்த பார்பரா மெக்லின்டாக்குக்கு 1983ல் நோபல் பரிசு கிடைத்தது.

கடைசியாக 'பிளாஸ்மிட்'. பாக்டீரியாவின் முக்கிய டிஎன்ஏவுக்கு வெளியே தனியாக இருக்கும், பெரும்பாலும் வட்ட வடிவமான ஒரு சின்ன டிஎன்ஏ. இதுதான் பென் டிரைவ். இரண்டு பாக்டீரியாக்கள் நெருங்கும்போது ஒன்று மற்றொன்றோடு இணைப்பு ஏற்படுத்தி பிளாஸ்மிட்டின் ஒரு பிரதியைக் கொடுத்துவிடும். கொடுத்தவரிடமும் இருக்கும், வாங்கியவரிடமும் இருக்கும். ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்டு பண்ற மாதிரி!

ஒரு பென் டிரைவில் ஒரு ஃபைல் மட்டும் இருந்தால்கூட பரவாயில்லை. ஐந்தாறு வகை மருந்துகளை முறியடிக்கும் மரபணுக்கள் ஒரே பிளாஸ்மிட்டில் சேர்ந்து உட்கார்ந்திருப்பது சகஜம். இதன் விளைவு என்ன தெரியுமா? அவற்றில் ஏதோ ஒரு மருந்தை வார்டில் அதிகமாகப் பயன்படுத்தினால் போதும், அந்த பிளாஸ்மிட் வைத்திருக்கும் கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகும். அவற்றோடு மற்ற ஐந்து மருந்துக்கான எதிர்ப்பும் இலவச இணைப்பாகப் பெருகும். 'ஏ' என்ற மருந்தைக் கொடுத்து 'பி' என்ற மருந்தை இழப்பது இப்படித்தான்.

இது புதிய கண்டுபிடிப்பும் கிடையாது. 1950களிலேயே ஜப்பானில் வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி, ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு எதிர்ப்பு காட்டியது. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக எதிர்ப்பு உருவாகியிருந்தால் இவ்வளவு வேகம் சாத்தியமில்லை, இது கிருமிகளுக்கு இடையே மொத்தமாகக் கைமாறுகிறது என்று அங்கே இருந்த ஆய்வாளர்கள் அப்போதே காட்டிவிட்டார்கள். 70 வருஷத்துக்கு முன்னால் தெரிந்த விஷயத்தைத்தான் இன்றைக்கும் போஸ்டரில் சொல்லாமல் விடுகிறோம்.

ஏன் ஆஸ்பத்திரி?

பாக்டீரியாக்கள் எங்கும் இருக்கின்றன. ஆனால் இந்தக் கைமாற்றத்துக்கு ஐசியு மாதிரி தோதான இடம் குறைவு. பல ஊர்களிலிருந்து பல கிருமிகளோடு வந்தவர்கள் பத்தடி இடைவெளியில் படுத்திருக்கிறார்கள். பலருக்கும் வீரியமான ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருக்கிறது. மூச்சுக்குழாயில் ஒரு டியூப், சிறுநீர்ப்பையில் ஒரு டியூப், கழுத்து நரம்பில் ஒரு டியூப். கிருமி உள்ளே போக வழி கேட்க வேண்டியதே இல்லை.

இதில் மிகவும் தந்திரமான கட்டம் எது தெரியுமா? எதிர்ப்பு மரபணு உள்ள கிருமி ஒருவரின் குடலில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் பல வாரங்கள் இருக்கலாம். அவருக்குக் காய்ச்சல் இருக்காது, டெஸ்ட்டும் எடுக்க மாட்டார்கள். ஆனால் அவரைத் தொட்ட கையோடு அடுத்த படுக்கைக்குப் போனால் கிருமியும் கூடவே போகும். அங்கே இருக்கும் வேறு இனக் கிருமிக்குப் பென் டிரைவ் கைமாறும். பிறகு ரிப்போர்ட்டில் இரண்டு நோயாளிகளுக்கும் வேறு வேறு கிருமியின் பெயர் வரும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டு தனித்தனிச் சம்பவங்கள் மாதிரிதான் தெரியும். நிஜத்தில் ஒரே மரபணுவின் பரவல் அது.

கை கழுவும் சிங்க்கும் இதில் ஒரு பாத்திரம். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆஸ்பத்திரி சிங்க்குகளைப் போலவே சிங்க்குகளை அமைத்து, அடியில் உள்ள வளைவுக் குழாயில் ஒளிரும் ஈ.கோலையை விட்டுப் பார்த்தார்கள். கிருமிப் படலம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் என்ற வேகத்தில் குழாய் வழியே மேலே ஏறி, ஒரு வாரத்தில் சிங்க்கின் சல்லடையை எட்டியது. அதற்குப் பிறகு குழாயைத் திறந்தால் தண்ணீர் தெறிக்கும் இடமெல்லாம் கிருமியும் தெறித்தது. சிங்க்கை எங்கே வைக்கிறோம், எதையெல்லாம் அதில் கொட்டுகிறோம் என்பதும் ஆன்டிபயாடிக் எதிர்ப்போடு சம்பந்தப்பட்டதுதான். இதற்கு நோயாளி என்ன செய்ய முடியும்?

பெயருக்குச் சண்டை போட்டோம்

இந்தக் கதையில் சென்னைக்கு ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. 2010 ஆகஸ்டில் 'தி லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழில் என்டிஎம்-1 பற்றிய பெரிய ஆய்வு வெளியானது. அதன் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா மற்றும் பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என்று இந்த மரபணு கொண்ட கிருமி மாதிரிகளை அந்த ஆய்வு பட்டியல் போட்டது. பிரிட்டன் நோயாளிகளில் பலர் அதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்து சென்றவர்கள்.

அப்போது நாம் என்ன பேசினோம்? பெயரைப் பற்றிப் பேசினோம். எங்கள் தலைநகரின் பெயரை எப்படி வைக்கலாம், மெடிக்கல் டூரிசத்தைக் கெடுக்கச் சதி என்று நாடாளுமன்றம் வரை குரல் எழுந்தது. ஒரு நகரத்தின் பெயரைக் கிருமியோடு ஒட்டுவது சரியில்லை என்ற வருத்தம் நியாயமானதுதான். லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டனே 2011ல் அந்தப் பெயருக்காக வருத்தம் தெரிவித்தார். அதே சமயம், இத்தாலியின் வெரோனா பெயரிலும் பிரேசிலின் சாவ் பாவ்லோ பெயரிலும் இதே வகை நொதிகள் ஏற்கெனவே இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

2011 ஏப்ரலில் அடுத்த ஆய்வு வந்தது. டெல்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் 2ல், தெருவில் தேங்கிய மற்றும் கசிவு நீர் மாதிரிகள் 171ல் 51ல் என்டிஎம்-1 மரபணு இருந்தது. காலரா கிருமியிலும் ஷிகெல்லாவின் ஒரு வகையிலும்கூட அது ஏறியிருந்தது. நாம் பெயரைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோது மரபணு பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2012ல் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' கொண்டுவந்தன. 2014 மார்ச் முதல் 'ஷெட்யூல் ஹெச்1' விதி அமலுக்கு வந்தது. கார்பபெனம் உள்ளிட்ட குறிப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயரோடு தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2017ல் தேசியச் செயல் திட்டம் வந்தது. 2019ல் கால்நடை, கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் மருந்துக்குத் தடை வந்தது.

ஆனால் எண்கள் வேறு கதை சொல்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் கண்காணிப்பு வலையமைப்பில், இமிபெனம் என்ற கார்பபெனம் மருந்துக்கு எதிர்ப்பு காட்டிய ஈ.கோலை 2016ல் 14 சதவீதம், 2021ல் 36 சதவீதம். உலக அளவில் 2019ல் மட்டும் 12.7 லட்சம் பேரின் மரணத்துக்கு மருந்து எதிர்ப்புக் கிருமிகள் நேரடிக் காரணம் என்று லான்செட்டில் 2022ல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதில் இந்தியாவின் பங்கு சுமார் 3 லட்சம்.

புது மருந்து இல்லாமலே குறைத்த நாடு

"புது மருந்து கண்டுபிடிச்சாதான் தீர்வு" என்று சொல்பவர்கள் இஸ்ரேல் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். 2006ல் அங்கே கார்பபெனம் எதிர்ப்புள்ள கிளெப்சியெல்லா வேகமாகப் பரவியது. 2007 மார்ச்சுக்குள் 27 மருத்துவமனைகளில் 1,275 நோயாளிகள். அப்போது அரசு தலையிட்டது. கிருமி இருப்பவர்களைத் தனியாக வைக்க வேண்டும், அவர்களுக்குத் தனி நர்ஸ்கள் வேண்டும், ஒவ்வொரு கேஸும் மத்திய அமைப்புக்குக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டும். உத்தரவு போட்டதோடு நிற்காமல், ஆஸ்பத்திரிகள் அதைச் செய்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்தார்கள்.

லட்சம் நோயாளி-நாட்களுக்கு 55.5 ஆக இருந்த மாதாந்திரப் புதிய கேஸ்களின் விகிதம், 2008 மே மாதத்தில் 11.7 ஆனது. புது மாத்திரை, புது ஊசி எதுவும் இல்லை. யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அடுத்தவருக்குப் போகாமல் மறித்தார்கள், அவ்வளவுதான்.

பிரிட்டனில் எம்ஆர்எஸ்ஏ கிருமி விஷயத்திலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. ரத்தத்தில் அந்தத் தொற்று ஏற்பட்டால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 2001ல் விதி வந்தது. எந்த மருத்துவமனை அமைப்பில் எத்தனை கேஸ் என்று பொதுவில் வெளியானது. 2004ல் இலக்கு வைத்தார்கள், 2008க்குள் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது.

அப்போ நாம் கேட்க வேண்டியது என்ன?

என் வாதம் எளிமையானது. நோயாளிக்கு அறிவுரை சொல்வதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை, ஆஸ்பத்திரிகளிடம் கணக்குக் கேட்பதில் காட்டுவோம். மூன்று விஷயங்கள் போதும்.

முதலாவது, வெளிப்படைத்தன்மை. ஒவ்வொரு பெரிய மருத்துவமனையும், அரசோ தனியாரோ, வருடத்துக்கு ஒருமுறை தன் ஐசியுவில் எத்தனை பேருக்கு உள்ளே வந்த பிறகு தொற்று ஏற்பட்டது, எந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்ற பட்டியலை வெளியிட வேண்டும். கேரளம் மாநில அளவில் இப்படியொரு 'ஆன்டிபயோகிராம்' வெளியிடுகிறது. நல்ல தொடக்கம். ஆனால் நாம் அட்மிட் ஆவது மாநிலத்தில் இல்லை, ஒரு குறிப்பிட்ட கட்டிடத்தில்.

இரண்டாவது, 'ஆர்' என்ற எழுத்தோடு நிற்காமல், எந்த மரபணுவால் 'ஆர்' என்றும் தெரிய வேண்டும். முக்கியமான கார்பபெனம் எதிர்ப்பு மரபணுக்களை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கண்டறியும் டெஸ்ட்கள் வந்துவிட்டன. இது சும்மா தெரிந்துகொள்வதற்காக இல்லை. செஃப்டாசிடைம்-அவிபாக்டம் என்ற மருந்து, கேபிசி அல்லது ஓஎக்ஸ்ஏ-48 வகை நொதி இருக்கும் கிருமியிடம் வேலை செய்யும், ஆனால் என்டிஎம் இருந்தால் தனியாக வேலை செய்யாது. கூட அஸ்ட்ரியோனம் சேர்க்க வேண்டியிருக்கும். எந்த மரபணு என்பது தெரியாவிட்டால் விலை உயர்ந்த மருந்தும் போகும், அதைவிட முக்கியமாக நேரமும் போகும்.

மூன்றாவது, தகவலும் நோயாளியோடு பயணிக்க வேண்டும். ஊரில் உள்ள நர்சிங் ஹோமிலிருந்து ஆம்புலன்ஸில் மாவட்டத் தலைநகர், அங்கிருந்து சென்னை என்று ஒரே நோயாளி மூன்று ஆஸ்பத்திரி பார்ப்பது நம்மூரில் சாதாரணம். கிருமியும் பிளாஸ்மிட்டும் அதே ஆம்புலன்ஸில்தான் வருகின்றன. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இவருக்கு எதிர்ப்புக் கிருமி இருந்தது' என்று ஒரு வரி இருந்தால், அடுத்த ஆஸ்பத்திரி முதல் மணி நேரத்திலேயே உஷாராகலாம்.

எதிர்வாதங்கள் இருக்கின்றன. "எண்களை வெளியிட்டால் ஜனங்க பயந்துடுவாங்க" என்பது ஒன்று. ரிப்போர்ட்டில் வரிசையாக 'ஆர்' பார்த்து, யாரும் விளக்காமல் வாசலில் நிற்பதைவிடவா பெரிய பயம்? "ஒழுங்காக டெஸ்ட் எடுக்கும் ஆஸ்பத்திரிதான் மோசமாகத் தெரியும், எடுக்காதவர்கள் தப்பித்துவிடுவார்கள்" என்பது இன்னொன்று. இது நியாயமான கவலை. அதனால்தான் விருப்பமுள்ளவர்கள் வெளியிடட்டும் என்று விடாமல், எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் கட்டாயம் ஆக்க வேண்டும், எத்தனை டெஸ்ட் எடுத்தார்கள் என்ற எண்ணும் சேர்ந்து வர வேண்டும். "சின்ன ஆஸ்பத்திரிக்கு லேப் வசதி ஏது?" என்பது மூன்றாவது. உண்மைதான், மாவட்ட அளவில் பொது லேப் வேண்டும், அது அரசின் வேலை. ஆனால் படுக்கைக்குப் படுக்கை ஹேண்ட் ரப் வைப்பதற்கும், நைட் ஷிஃப்டில் ஒரே நர்ஸ் தலையில் பல படுக்கைகளைக் கட்டாமல் இருப்பதற்கும் லேப் தேவையில்லை. ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நர்ஸ் ஒவ்வொரு முறையும் கை சுத்தம் செய்யவில்லை என்றால் அது அவருடைய தப்பு இல்லை, ஆள் போடாத நிர்வாகத்தின் தப்பு.

நம் பங்கும் இல்லாமல் இல்லை. ஐசியுவில் இருப்பவரைப் பார்க்கப் போனால் உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் கையைச் சுத்தம் செய்யலாம். பத்துப் பேர் கும்பலாகப் போகாமல் இருக்கலாம். "இந்த யூரின் டியூப் இன்னும் தேவையா டாக்டர்?" என்று தினமும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்கலாம். அட்மிஷன் போடும்போது ரூம் வாடகையும் இன்சூரன்ஸும் கேட்கிறோம் இல்லையா, அதே கவுண்டரில் "உங்க ஐசியுவில் தொற்று விகிதம் எவ்வளவு?" என்றும் கேட்கலாம். முதல் நூறு பேருக்குப் பதில் கிடைக்காது. ஆயிரம் பேர் கேட்டால் யாராவது ஒருவர் அந்த எண்ணைத் தயாராக வைத்திருக்க ஆரம்பிப்பார்.

எங்கள் தொழிலும் திருந்த வேண்டியிருக்கிறது. 'மர்மக் கிருமி', 'எந்த மருந்துக்கும் அடங்காத சூப்பர்பக்' என்று தலைப்புப் போட்டால் கிளிக் வரும். ஆனால் இதில் மர்மம் ஒன்றுமே இல்லை. எந்த மரபணு, எந்தப் பிளாஸ்மிட்டில், எந்த வழியாகத் தாவுகிறது என்பதெல்லாம் தெரிந்த விஷயம். அதை மறிக்கும் வழியும் தெரிந்ததுதான்.

"இது எங்கிருந்து வந்துச்சு?" என்று ஐசியு வாசலில் கேட்பவருக்கு ஒரு நேர்மையான பதில் கிடைக்க வேண்டும். அந்தப் பதிலைச் சொல்ல முதலில் ஆஸ்பத்திரி அதைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம்.